'பதிவு செய்யப்பட்டது' என்ற சொல்லுக்குப் பொறுப்பு யார்?

ஓர் ஆவணத்தின் பெறுமதி என்னவென்று வன்னிப் பெருநிலப்பரப்பு மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை ஆகியவற்றைப் பொலித்தீன் பையொன்றில் சுற்றி, வேறெதை விட்டாலும் அதனை மட்டும் கைவிடாது இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் இதே பாடத்தைக் கற்றவர்களே. யாழ்ப்பாணத்திலிருந்து சில மணித்தியால அவகாசத்தில் புறப்பட நேர்ந்தபோது பல குடும்பங்களின் உறுதிகள் வீட்டு அலுமாரிகளிலேயே தங்கிவிட்டன. பல ஆண்டுகளின் பின்னர் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது, 'உறுதி இருக்கிறதா?' என்பதே.

இன்று அந்த ஆவணங்கள் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் குடியேறி வருகின்றன. பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கணினி வழியாகப் பெறமுடிகிறது. காணி உரித்துப் பதிவுக்கென 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமும், அதன் அடிப்படையில் 'பிம் சவிய' திட்டமும் வந்தன. இந்திய நிதியுதவியுடனான டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் முன்னெடுக்கப்படுகிறது. வங்கிப் பரிமாற்றம் குறித்துச் சொல்லவே தேவையில்லை. ரொறன்ரோவிலிருந்தோ டோஹாவிலிருந்தோ அனுப்பப்படும் பணம் வவுனியாவிலுள்ள ஒரு கணக்கில் வந்து சேர்ந்ததைக் கைத்தொலைபேசி மறுகணமே அறிவிக்கிறது.

இவை வரவேற்கத்தக்கவையே. எனினும் கணினித் திரையில் 'பதிவு செய்யப்பட்டது' என்ற வாசகம் தோன்றும்போது, அது உண்மையில் எங்கே, எத்தனை இடங்களில் பதியப்பட்டுள்ளது என்ற கேள்வியை நம்மில் எத்தனைபேர் எழுப்புகிறோம்? இக்கேள்விக்கான விடை ஒவ்வொரு தரவுத்தளத்திலும் சில அமைப்புகளைத் தெரிவு செய்யும் பொறியியலாளரின் கையில் இருக்கிறது. அத்தெரிவு தொழில்நுட்பம் சார்ந்ததாகத் தோன்றினாலும் அதன் விளைவு பொதுமக்களையே சாரும். ஆகவே அதன் உள்விடயத்தைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

சிட்டையும் பேரேடும்

பழைய வணிகர்களின் கணக்கு முறையை அறிந்தவர்களுக்குத் தரவுத்தளத்தின் அடிப்படை புதியதன்று. கடையில் வியாபாரம் நடக்கும்போது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் முதலில் சிட்டையில் ஒரு வரியாக எழுதப்படும். கடை ஓய்ந்தபின் கணக்கப்பிள்ளை அதனைப் பேரேட்டில் உரிய பக்கங்களில் ஏற்றுவார். பேரேடு பாதியில் நின்றாலும் சிட்டை இருந்தால் கணக்கை மீட்டுவிடலாம். சிட்டையும் இல்லையென்றால் மீட்க எதுவுமில்லை.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஒராக்கிள் முதலிய இன்றைய தரவுத்தளங்கள் யாவும் இம்முறையையே பின்பற்றுகின்றன. ஒரு மாற்றம் நிகழும்போது அது முதலில் சிட்டை போன்றதொரு குறிப்புக் கோப்பில் வரிசையாக எழுதப்படுகிறது. பேரேட்டுக்கு ஒப்பான அட்டவணைகள் பின்னர் ஆறுதலாக இற்றைப்படுத்தப்படுகின்றன. மின்சாரம் தடைப்பட்டு இயந்திரம் நின்றுபோனால், மீண்டும் இயங்கும்போது சிட்டையை வாசித்துப் பேரேட்டைச் சரிசெய்து கொள்கிறது.

ஒரு கொடுக்கல் வாங்கல் முடிவுற்றது என்று தரவுத்தளம் அறிவிக்கும் கணத்தைக் 'கமிட்' என்கிறார்கள். நமது வழக்கில் காணிப் பத்திரத்தை 'உறுதி' என்று அழைக்கிறோமல்லவா? கமிட் என்பதும் அத்தகைய ஓர் உறுதியே. அந்த உறுதி வழங்கப்பட்ட பின்னர் மின்சாரம் போனாலும் இயந்திரம் பழுதடைந்தாலும் அந்தப் பதிவு நிலைத்திருக்கவேண்டும் என்பது தரவுத்தளத் துறையின் அடிப்படை விதிகளில் ஒன்றாகும். 1983 இல் தியோ ஹேர்டர், அண்ட்ரியாஸ் ரொய்ற்றர் ஆகிய இரு ஜேர்மன் அறிஞர்கள் வகுத்துரைத்த நான்கு பண்புகளுள் இறுதியான நிலைபேறு என்பது இதுவே.

ஆனால் 'எழுதிவிட்டேன்' என்று கணினி சொல்வதில் பல படிகள் உள்ளன. தரவு முதலில் மின்சாரம் உள்ளவரை மட்டுமே வாழும் நினைவகத்தில் இருக்கிறது. அங்கிருந்து இயங்குதளத்தின் இடைத்தேக்கத்துக்குச் செல்கிறது. பின்னர் வட்டின் சொந்த இடைத்தேக்கத்துக்கும், கடைசியாகவே அழியாத வட்டுப் பரப்புக்கும் போய்ச் சேருகிறது. இடைத்தேக்கங்களில் நிற்பதை வட்டுக்குக் கொண்டுசென்று முடித்துவிட்டே பதில் சொல்லவேண்டும் என்று இயங்குதளத்துக்கு இடப்படும் கட்டளைக்கு 'எஃப்சிங்க்' என்று பெயர். அக்கட்டளைக்கு நேரம் செலவாகும். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் ஒரு சாதாரண வட்டு செக்கனுக்கு 120 சுற்றுகளையே சுற்றுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சுற்றுக் காத்திருப்பதாயின் செக்கனுக்கு 120 பதிவுகளுக்கு மேல் தனித்தனியே எழுத முடியாது. பல பதிவுகளை ஒன்றுதிரட்டி ஒரே தடவையில் எழுதுவதன் மூலமும், மின்தடையைத் தாங்கும் புதிய சேமிப்புச் சாதனங்கள் மூலமும் இத்தடை இன்று பெருமளவு நீங்கியுள்ளது. எனினும் காத்திருப்பு முற்றாக மறையவில்லை.

இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் ஆசையிலிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. போஸ்ட்கிரெஸில் 'சிங்ரனஸ் கமிட்' என்ற அமைப்பை நிறுத்திவிட்டால், சிட்டை வட்டில் ஏறுமுன்னரே 'பதிவு செய்யப்பட்டது' என்ற பதில் போய்விடும். வழக்கமான அமைப்பில் அதிகபட்சம் 600 மில்லி செக்கன் அளவிலான பதிவுகள் இழக்கப்படலாம். மைஎஸ்கியூஎல்லிலும் சிட்டையை ஒவ்வொரு கமிட்டின்போதும் வட்டில் ஏற்றுவதா, செக்கனுக்கு ஒருமுறை ஏற்றுவதா என்ற தெரிவு உண்டு. இரண்டாவதைத் தெரிந்தால் ஏறத்தாழ ஒரு செக்கன் பதிவுகள் ஆபத்துக்குள்ளாகும். இவற்றால் பேரேடு குழம்பாது. கடைசிச் சில வரிகளே காணாமற்போகும். ஆனால் போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்க் கட்டளையையே அணைத்துவிடுவது வேறு விடயம். அங்கே ஒரு மின்தடையால் பேரேடு முழுவதுமே பயனற்றுப்போகக் கூடும். வேகத்துக்காக இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மாற்றுவோர் இருக்கிறார்கள் என்பதால் இவ்வேறுபாடு அழுத்திச் சொல்லப்பட வேண்டியதாகிறது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு இது. மின்சாரம் தடைப்படுவதை அரிதான விபத்தாகக் கருதி ஒரு பதிவேட்டை வடிவமைக்கும் வசதி நமக்கில்லை.

இரண்டாவது பிரதி

வட்டில் எழுதுவது மின்தடைக்கு மட்டுமே மருந்தாகும். தீ, வெள்ளம், யுத்தம் ஆகியவற்றுக்கு அது போதாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இருந்தவற்றை மீண்டும் தேடிக்கொள்ள முடிந்தது. ஒரே பிரதியாக இருந்த சுவடிகளும் கையெழுத்து ஆவணங்களும் நிரந்தரமாகவே போயின. இழப்பின் உண்மையான அளவைத் தீர்மானித்தது தீயின் வீரியம் மட்டுமன்று. பிரதி இருந்ததா இல்லையா என்பதுமாகும்.

இவ்வுண்மையை நமது சட்டம் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுத்தில் இடம்பெற வேண்டும். அத்தோடு, ஒரு மாதத்தில் தாம் நிறைவேற்றிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு நொத்தாரிசு அனுப்பவேண்டும் என்று நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. ஒரு பிரதி அவரிடமே இருக்கும். மூலம் காணி வாங்கியவருக்குரியது.

இந்த ஏற்பாட்டைத் தரவுத்தள மொழியில் 'ஒத்திசையாத பிரதியாக்கம்' எனலாம். மாதத்தின் முதலாம் நாள் எழுதப்பட்ட உறுதியின் இரண்டாம் பிரதி பதிவகத்தைச் சென்றடைய ஒன்றரை மாதம்வரை ஆகலாம். அதுவரை அது நொத்தாரிசின் அலுவலகத்தில், அவரது சொந்தப் பிரதியோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும். அந்தக் கூரையில் குண்டு விழுந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். அவ்வாறன்றி, பதிவகத்துக்குப் பிரதி போய்ச் சேர்ந்து, 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை கட்சிக்காரரின் கையில் உறுதியைக் கொடுக்க முடியாது என்று ஒரு விதி இருந்தால் அது 'ஒத்திசைந்த பிரதியாக்கம்' ஆகும். உறுதி கையில் இருக்கிறதென்றால் இரண்டாம் பிரதி தொலைவில் பத்திரமாக இருக்கிறது என்று அப்போது நிச்சயமாகக் கூறமுடியும். அதற்குரிய விலை காத்திருப்பாகும்.

கணினிகளுக்கிடையே அக்காத்திருப்பு எவ்வளவு? கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் செல்கிறது. வவுனியாவுக்கும் கொழும்புக்கும் இடையிலான சுமார் 250 கிலோமீற்றரைப் போய்த் திரும்பக் குறைந்தது 2.5 மில்லி செக்கன் போதும். பாவனையாளர் அதனை உணரவே மாட்டார். ஆனால் இரண்டாம் பிரதியைச் சுமார் 8,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள லண்டனில் வைத்தால் போய்த் திரும்பக் குறைந்தது 87 மில்லி செக்கன் ஆகும். ஒரே கணக்கின் மீதியை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றவேண்டிய நிலையில் செக்கனுக்குப் பதினொரு மாற்றங்களுக்கு மேல் சாத்தியமில்லை. ஒளியின் வேகத்தை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்க முடியாது. ஆகவே இரண்டாம் பிரதி ஒரே குண்டுக்கோ வெள்ளத்துக்கோ இரண்டும் இரையாகாத அளவு தொலைவிலும், காத்திருப்பு தாங்கத்தக்க அளவு அண்மையிலும் இருக்கவேண்டும். இலங்கையின் பரப்பளவு இவ்விடயத்தில் நமக்குச் சாதகமானதே.

பெயரளவில் இயங்கும் பாதுகாப்பு

இங்கே பலரும் தவறவிடும் நுணுக்கமொன்று உண்டு. போஸ்ட்கிரெஸ் 2011 இல் வெளியான 9.1 பதிப்பிலிருந்து ஒத்திசைந்த பிரதியாக்கத்தைக் கொண்டுள்ளது. அதன் 'சிங்ரனஸ் கமிட்' அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் தரப்படுகிறது. ஆனால் எந்த மாற்றுக் கணினிக்காகக் காத்திருக்கவேண்டும் என்ற பெயர்ப்பட்டியல் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. பட்டியல் வெறுமையாக இருக்கும்வரை தரவுத்தளம் தன் சொந்த வட்டுக்காக மட்டுமே காத்திருக்கும். மாற்றுக் கணினியொன்று அருகில் ஓடிக்கொண்டிருந்தாலும், அதற்குப் பிரதி சென்றதா என்று கேளாமலே 'பதிவு செய்யப்பட்டது' எனப் பதில் சொல்லிவிடும். அமைப்பின் பெயரை மட்டும் பார்த்து அது இயங்குகிறது என மனநிறைவு கொள்பவர் ஏமாறவே நேரும்.

பட்டியலில் பெயரைச் சேர்த்த பின்னரும் எதற்காகக் காத்திருப்பது என்பதில் படிநிலைகள் உள்ளன. மாற்றுக் கணினி சிட்டையைப் பெற்றுத் தன் இயங்குதளத்திடம் ஒப்படைத்தால் போதும் என்பது ஒரு நிலை. அது தன் வட்டில் எழுதி முடிக்கவேண்டும் என்பது அடுத்த நிலை. பேரேட்டிலும் ஏற்றி, அங்கே வாசிப்பவருக்கும் புதிய பதிவு தெரியவேண்டும் என்பது மூன்றாவது நிலை. முதலாவது நிலையில் இரு கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போய், தலைமைக் கணினியின் தரவும் பழுதடைந்தால் பதிவு தொலையக்கூடும். காணி, பிறப்பு, பணம் ஆகியவற்றுக்கு இரண்டாவது நிலையே குறைந்தபட்சத் தகுதியாகும்.

எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே அளவுகோல் தேவையில்லை என்பதும் நினைவிற்கொள்ள வேண்டியதே. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இந்நிலையைத் தனித்தனியே தீர்மானிக்கலாம். ஓர் இணையப் பக்கத்தை எத்தனைபேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கை அரைச் செக்கன் தொலைந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு விதவைத் தாயின் காணி கைமாறிய பதிவு தொலைந்தால் அவருக்குத் தொலைவது வாழ்வாதாரமாகும். எது எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டவேண்டிய பொறுப்பைப் பொறியியலாளரின் தோளில் மட்டும் சுமத்திவிட முடியாது. பதிவேட்டுக்குச் சட்டப்படி பொறுப்பான அதிகாரியே அதனை எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

பாதை மூடப்படும்போது

இரண்டாம் பிரதி பற்றிய மிகக் கடினமான கேள்வி, இணைப்பு அறுந்துபோகும்போது எழுகிறது. அக்கேள்வியை விளங்கிக்கொள்ள ஓமந்தையை விடச் சிறந்த இடம் இல்லை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது அரச கட்டுப்பாட்டுப் பகுதியின் வாயில் ஓமந்தையிலும், விடுதலைப் புலிகளின் வாயில் புளியங்குளத்திலும் இருந்தன. இடைப்பட்ட சூனியப் பிரதேசத்தில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு பணிபுரிந்தது. 2006 ஆகஸ்டில் அப்பாதை மூடப்பட்டது. வடக்கே இருந்த கச்சேரிகளும் பிரதேச செயலகங்களும் கொழும்பின் நிர்வாகத்துக்கு உட்பட்டவையே. ஆயினும் கடிதமும் கோவையும் ஆளும் வழமைபோல் போய்வர முடியாத நிலை தோன்றியது.

அத்தகைய நிலையில் ஒரு பதிவாளர் செய்யக்கூடியவை இரண்டுதான். தலைமையகத்துக்குப் பிரதி போய்ச்சேரும்வரை எந்தப் பிறப்பையும் பதியமாட்டேன் எனப் பேனாவைக் கீழே வைக்கலாம். அல்லது பதிந்து தம்மிடமே வைத்துக்கொண்டு, பாதை திறக்கும்போது அனுப்பலாம். முதலாவது வழியில் பதிவேடு தூய்மையாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் பதிவின்றி வளர்வர். இரண்டாவது வழியில் பணி நடக்கும், ஆனால் அந்த ஒற்றைப் பிரதி அழிந்தால் அப்பிள்ளைகள் பிறந்ததற்கே சான்றிராது. 2009 இல் யுத்தம் முடிவுற்றபின் வன்னியில் நடமாடும் சேவைகளை நடத்தி, காலங்கடந்த பிறப்புப் பதிவுகளையும் அடையாள அட்டைகளையும் மக்களுக்கு மீள வழங்க நேர்ந்தது. மாவட்டத்துக்கு வெளியே மறுபிரதி இருந்தவர்கள் எளிதில் மீண்டனர். இல்லாதவர்கள் சாட்சிகளைத் தேடி அலைந்தனர்.

தரவுத்தளங்களும் இதே இரு வழிகளுக்கிடையில்தான் தெரிவு செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் முதலாவது வழியைச் சேர்ந்தது. பட்டியலிலுள்ள மாற்றுக் கணினி பதில் தராவிட்டால் அது முடிவின்றிக் காத்திருக்கும். மைஎஸ்கியூஎல்லின் அரை ஒத்திசைவு முறை இரண்டாவது வழியைச் சேர்ந்தது. இயல்பான அமைப்பில் 10 செக்கன் காத்திருந்துவிட்டு, அதன்பின் பிரதி பற்றிய கவலையைக் கைவிட்டுத் தனியே எழுதத் தொடங்கிவிடும். பாவனையாளரின் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. ஒராக்கிள் இத்தெரிவை வெளிப்படையாகவே மூன்று பெயர்களில் முன்வைக்கிறது. உச்சப் பாதுகாப்பு நிலையில் மாற்றுக் கணினி ஒன்றேனும் இல்லாவிடின் தலைமைக் கணினி தன்னையே நிறுத்திக்கொள்ளும். உச்சக் கிடைப்பு நிலையில் காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியே தொடரும். உச்ச வேக நிலையில் ஆரம்பத்திலிருந்தே காத்திராது.

மூன்றாவது சாட்சியொன்று இருந்தால் இந்த இக்கட்டு பெருமளவு தணியும். மூன்று இடங்களில் பிரதி வைத்து, அவற்றில் ஏதேனும் இரண்டில் எழுதப்பட்டால் போதும் என விதித்தால், ஓர் இடம் துண்டிக்கப்பட்டாலும் பணி நிற்காது. பதிவும் ஒற்றைப் பிரதியாக நிற்காது. போஸ்ட்கிரெஸில் 10 ஆம் பதிப்பிலிருந்து மாற்றுக் கணினிகளுள் எவையேனும் இத்தனை என்று இவ்வாறு குறிப்பிடும் வசதி உண்டு. மாறாக, ஒரேயொரு மாற்றுக் கணினியை வைத்து ஒத்திசைவை வற்புறுத்தினால், அந்த ஒன்று பழுதடையும் நாளில் முழு அலுவலகமும் முடங்கும். அன்று அதிகாரிகளின் நெருக்குதலால் ஒத்திசைவு அவசரமாக நிறுத்தப்படும். பின்னர் அதனை மீண்டும் இயக்க யாருக்கும் நினைவிராது.

இணைப்பு அறுந்த வேளையில் இரு பக்கமும் தாமே தலைமை என எண்ணி எழுதத் தொடங்கினால் விளைவு என்ன என்பதற்கு 2018 ஒக்டோபர் 21 இல் கிட்ஹப் நிறுவனத்தில் நிகழ்ந்தது சான்றாகும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓர் உபகரணத்தை மாற்றும்போது 43 செக்கன் மட்டுமே இணைப்பு துண்டித்தது. அதற்குள் தலைமைப் பொறுப்பு தானியங்கி முறையில் மேற்குக் கரைக்கு மாற்றப்பட்டது. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்குச் சென்றிருக்கவில்லை. மேற்கில் புதியவை எழுதப்பட்டுவிட்டன. இரு பேரேடுகளையும் ஒப்புநோக்கிச் சரிசெய்து வழமைக்குத் திரும்ப 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் சென்றன. 43 செக்கன் பிரிவுக்கு இது விலையென்றால், ஆண்டுக்கணக்கான பிரிவின் பின் இரு பதிவேடுகளை இணைப்பதன் கடினத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நமது நாட்டின் அனுபவம்

பிரதியாக்கம் எல்லா நோய்க்கும் மருந்து என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. தவறுதலாகவோ வேண்டுமென்றோ ஒரு பதிவு அழிக்கப்பட்டால், அந்த அழிப்பும் மறுகணமே மாற்றுக் கணினியில் உண்மையாகப் பிரதியாகிவிடும். 2021 இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச முகில் சேமிப்பகத்திலிருந்து அழிந்துபோன விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2023 இல் அதே லங்கா அரச முகில் சேவை கப்பம் கோரும் நச்சுநிரலின் தாக்குதலுக்கு உள்ளாகியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான காலப்பகுதிக்குரிய அரச மின்னஞ்சல்கள், சுமார் 5,000 முகவரிகளுக்கு உரியவை, மீட்கமுடியாது போயின. இணைப்பிலேயே இருந்த காப்புப்பிரதியும் தாக்குதலுக்கு இரையானதும், இணைப்புக்கு வெளியே அக்காலத்துக்குரிய பிரதி இல்லாமற்போனதுமே அதற்குக் காரணங்களாகும்.

வளர்ந்த நாடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. 2017 ஜனவரி 31 இல் கிட்லாப் நிறுவனத்தின் பணியாளரொருவர் மாற்றுக் கணினி என்றெண்ணித் தலைமைக் கணினியின் தரவுகளை அழித்தார். காப்புப்பிரதி எடுக்கும் ஏற்பாடு நெடுநாளாகத் தோல்வியுற்று வந்தது அப்போதுதான் தெரியவந்தது. தற்செயலாக ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே அவர்களைக் காத்தது. 2025 செப்டெம்பர் 26 இல் தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் தீ பரவியபோது, அரச ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் கொள்ளளவுடைய சேமிப்பகம் காப்புப்பிரதி எதுவுமின்றி அழிந்தது. உலகின் முன்னணித் தொழில்நுட்ப நாடுகளில் ஒன்றிலேயே இது நிகழ்ந்தது.

எனவே மூன்று ஏற்பாடுகளும் ஒருங்கே தேவை. சொந்த வட்டில் எழுதி முடித்தபின்னரே உறுதி வழங்குவது முதலாவது. தொலைவிலுள்ள மாற்று இடத்திலும் எழுதப்படும்வரை காத்திருப்பது இரண்டாவது. வலையமைப்போடு தொடர்பற்ற, பழைய திகதியிட்ட காப்புப்பிரதியை வைத்திருந்து, அதனை அவ்வப்போது மீட்டெடுத்துப் பார்ப்பது மூன்றாவது. மீட்டுப் பார்க்கப்படாத காப்புப்பிரதியை இருப்பதாகக் கணக்கில் எடுக்கவே கூடாது.

கேட்கவேண்டிய கேள்விகள்

இவையாவும் பெருந்தொகைச் செலவு பிடிக்கும் விடயங்கள் என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. போஸ்ட்கிரெஸ் இலவசமாகவே கிடைக்கிறது. மேற்கூறிய அமைப்புகள் ஒரு கோப்பின் சில வரிகளே. செலவாவது மேலதிகக் கணினிகளுக்கும், அவற்றைப் பராமரிக்கும் பயிற்சி பெற்றவர்களுக்குமாகும். ஒரு மாவட்டத்தின் காணிப் பதிவுகளை இழந்து வழக்காடும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பமே.

ஆகவே காணி, பிறப்பு, விவாகம், காதி நீதிமன்றப் பதிவுகள், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எதுவாயினும், புதிய கணினி முறையொன்றை அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் மக்கள் பிரதிநிதிகளும் பொது அமைப்புகளும் ஐந்து கேள்விகளை எழுப்பவேண்டும். 'பதிவு செய்யப்பட்டது' என்று திரை சொல்லும் கணத்தில் பதிவு எத்தனை இடங்களில் வட்டில் எழுதப்பட்டிருக்கும்? அவ்விடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தொலைவில் உள்ளன? அவற்றுக்கிடையிலான இணைப்பு அறுந்தால் பதிவு நிற்குமா, தனியே தொடருமா? தனியே தொடர்ந்தால் அதனை யார் அறிவார்? காப்புப்பிரதி கடைசியாக மீட்டுப் பார்க்கப்பட்ட திகதி எது? ஒப்பந்தப் பத்திரத்தில் இவற்றுக்கு எழுத்தில் விடை இல்லையெனில், அந்த முறை இன்னும் தயாராகவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இறுதியாக ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்கமுடியாது. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டுவிட்டது. இன்று ரயிலும் பஸ்ஸும் அவ்விடத்தைத் தடையின்றிக் கடந்து செல்கின்றன. ஆனால் 2009 மே மாதத்தில் அவ்வழியாகக் கொண்டுசெல்லப்பட்ட, அங்கே கையளிக்கப்பட்ட தமது உறவுகளின் பெயர்கள் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டன என்று கேட்டு நிற்கும் தாய்மாரின் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. எழுதியவரிடம் மட்டுமே இருக்கும் பதிவேட்டைக் காட்டுவதும் மறைப்பதும் எழுதியவரின் விருப்பமாகிவிடுகிறது. எழுதியவரின் கைக்கு எட்டாத இடத்தில், அவர் எழுதிய அதே கணத்தில் மற்றொரு பிரதி உருவாகியிருந்தால் அது அவ்வளவு எளிதாகாது. தொழில்நுட்பம் நீதியை வழங்கிவிடாது. ஆயினும் நீதி கேட்போரின் கையில் ஒரு சான்றை மிச்சம் வைக்க அதனால் முடியும்.

நாளைய பதிவேடுகளை இன்று வடிவமைத்துக் கொண்டிருக்கும் அதிகாரிகளும் பொறியியலாளர்களும், வேகத்துக்காக ஒரு வரியை மாற்றுமுன் இம்மக்களின் பொலித்தீன் பைகளை ஒருகணம் நினைத்துப் பார்ப்பார்களா?